முகத்தை மறைத்தால் போதுமா? பிடிஎஸ்எம் வாழ்க்கை குறித்த ஆவணப்படத்துக்கு ஆலோசனை தேவை

நாஞ்சில் நிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். கடந்த எட்டு மாதங்களாகக் கைக்காசைப் போட்டு, நாற்பது நிமிட ஆவணப்படம் ஒன்றுக்கான வேலையைச் செய்துவருகிறேன். பிடிஎஸ்எம் என்று அழைக்கப்படும் வாழ்க்கைமுறையைப் பற்றியது அது. கட்டுதல், கட்டளையிடுதல், அடிபணிதல், வலியைக் கொடுத்தல், பெறுதல் ஆகியவற்றை, இருவரும் பேசி ஒப்புக்கொண்டு, தங்கள் உறவின் ஒரு பகுதியாக வைத்திருக்கும் வயதுவந்தவர்கள்தாம் அதில் பேசப் போகிறார்கள். படுக்கையறைக் காட்சி எதுவும் கிடையாது. எதையெல்லாம் கூடாது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறார்கள், நடுவில் ஒருவருக்கு ஒவ்வாமல் போனால் எப்படி நிறுத்துகிறார்கள், முடிந்த பிறகு ஒருவரை ஒருவர் எப்படித் தேற்றிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் காட்ட விரும்புகிறேன்.

இதுவரை ஐந்து பேர் இசைந்திருக்கிறார்கள். மூவர் வெளியூர். மற்ற இருவர் நம் மாவட்டத்துத் தம்பதி; மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ரப்பர்த் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு. கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பியவர், மனைவி செவிலியர், திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள். விளையாட்டின் நடுவே 'வேண்டாம்' என்று சொல்வதுகூட விளையாட்டாக இருக்கக்கூடும் என்பதால், உண்மையாகவே நிறுத்தச் சொல்வதற்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சொல் முந்திரிக்கொத்து. அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் எல்லாம் நின்றுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பதினொரு ஆண்டில் அது நான்கு தடவைதான் சொல்லப்பட்டது என்று அவர் கணக்குச் சொன்னபோது, மனைவி 'ஐந்து' என்று திருத்தினார்.

என் சிக்கல் இதுதான். அவர்கள் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் சோதனைக்காகப் பதிவு செய்து, முகத்தை மங்கலாக்கி, குரலைத் தாழ்த்தி, விவரம் ஏதும் சொல்லாமல் என் நண்பன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்திலேயே அவன், 'எடே, இது விளவங்கோட்டு ஆளுல்லா? பின்னால ரப்பர் ஷீட் அடிக்குத மெஷின் நிக்குதே' என்றான். ஆளின் பெயரை அவன் சொல்லவில்லை. ஆனால் ஊர் தெரிந்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க நம் பக்கத்தில் ஒரு டீக்கடை போதும்.

இவர்களை எப்படிக் காப்பது? சட்டப்படி நான் எதைக் கவனிக்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு. கடற்கரையில் தேங்காய் நாரால் தும்புக்கயிறு திரிக்கும் பெண்களின் கைகளில் தொடங்கி, பிள்ளையை ஏந்திய ஆளைத் தூக்கவில் என்னும் உயர்ந்த மரச்சட்டத்தில் தூக்கிக் காட்டும் கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவின் காட்சிக்கு நகர்ந்து, 'வலியும் கட்டும் நமக்குப் புதிதல்ல' என்ற தொனியில் படத்தைத் தொடங்க எண்ணியிருந்தேன். அது சரியாக வருமா?

பேச்சிப்பாறை எழுதியது:

முதலில் ஒரு கசப்பான விஷயம். ரப்பர்த் தோட்டத்து ஓட்டு வீடு, வளைகுடாவிலிருந்து திரும்பிய கணவர், செவிலியர் மனைவி, பதினொரு ஆண்டு என்று ஒரே பத்தியில் நான்கு அடையாளங்களைக் கொடுத்துவிட்டீர்கள். ஐந்தாவதாகத் தாலுகாவை உங்கள் நண்பர் வாயால் சொல்ல வைத்தீர்கள். படம் வெளிவருவதற்கு முன்பே இந்தக் கேள்வி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வரிகளை உடனே நீக்குங்கள்.

இனி தொழில் விஷயம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் செய்கிறேன். குரலைத் தாழ்த்துவது பாதுகாப்பே இல்லை. தாழ்த்திய குரலை அதே மென்பொருளில் உயர்த்திக்கொள்ள எவராலும் முடியும். அப்படியே தாழ்ந்த குரலாக விட்டாலும் பேச்சு மாறுவதில்லை. நம் மாவட்டத்தில் தோவாளைக்காரர் பேச்சு வேறு, குளச்சல்காரர் பேச்சு வேறு, களியக்காவிளைக்காரர் பேச்சில் பாதி மலையாளம். எனவே அவர்கள் சொன்னதை எழுத்தில் எடுத்து, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தம் வாங்கி, வேறொருவரைக் கொண்டு பொதுவான பேச்சுத்தமிழில் பேச வையுங்கள். இது மாற்றுக்குரல் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள். பார்ப்பவரை ஏமாற்றியதாக ஆகாது.

முகத்துக்கும் அதே கதைதான். எடுத்த பிறகு மங்கலாக்குவதைவிட எடுக்காமல் இருப்பதே மேல், ஏனென்றால் மங்கலாக்காத மூலப்பதிவு உங்கள் ஹார்டு டிஸ்கில் கிடந்துகொண்டே இருக்கும். கைகளை மட்டும் காட்டலாம் என்று தோன்றும். கையில் மோதிரம் இருக்கும், தழும்பு இருக்கும், ரப்பர் பால்வெட்டுக் கத்தி பிடித்த காய்ப்பு இருக்கும். வேறு மாவட்டத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வெறும் சுவருக்கு முன்னால் நிழலுருவாக எடுங்கள். வாசலில் நிற்கும் ஸ்கூட்டரில், மார்த்தாண்டம் பக்கத்து வண்டி என்று காட்டும் டிஎன் 75 எண் பலகை ஓரமாகத் தெரிந்தாலும் முடிந்தது கதை. செல்போனில் எடுப்பதாக இருந்தால், இடத்தைக் கோப்பிலேயே பதியும் வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, குடிநோயாளிகளின் மனைவியர் குறித்த ஒரு படத்துக்கு நான் ஒலி சேர்த்தேன். அதில் ஒரு பெண்ணின் முகத்தை முழுமையாக மறைத்திருந்தார்கள். ஆனால் அவர் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலையைத்தான் அந்த மாதம் சர்ச் திருவிழாவுக்கும் கட்டிப் போயிருக்கிறார். கொழுந்தன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டான். பிறகு அவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்து அழவில்லை, திட்டவில்லை. 'அந்தச் சேலையை மாற்றச் சொல்லியிருக்கலாமே சார்' என்று மட்டும் கேட்டார். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கொல்லங்கோட்டுக்காரி எழுதியது:

நீங்கள் எடுக்கும் பொருளைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. யாருடைய வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. தூக்கக் காட்சியைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் என் மகனுக்குத் தூக்க நேர்ச்சை செலுத்தியவள் நான். மீன மாதத்துப் பரணி நாளான மீனபரணி அன்று தூக்கக்காரர் விரதம் இருந்து, என் பிள்ளையைக் கையில் ஏந்தி வில்லில் உயரும்போது கீழே நின்ற எனக்கு உயிர் ஒரு கையில் இருந்தது. அதை உங்கள் படத்தின் முதல் நிமிடத்தில் ஒட்ட வைத்தால், பிள்ளைக்காகச் செய்த வேண்டுதலுக்கு நான் கொடுக்காத ஓர் அர்த்தத்தை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். கயிறு திரிக்கும் பெண்களிடமும் 'இந்தப் படத்துக்குத்தான் உங்கள் கை' என்று சொல்லிக் கேட்டீர்களா? சொல்லாமல் எடுத்திருந்தால், இசைவைப் பற்றிய படத்தை இசைவு இல்லாமல் தொடங்குகிறீர்கள், தம்பி.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் இந்த வாழ்க்கையில் இருப்பவள். சென்னையில் வேலை, ஊர் இரணியல் பக்கம். மேலே எழுதிய அக்காவுக்கு நன்றி. எங்களையும் யாரோடும் ஒப்பிட்டு நியாயப்படுத்த வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

எங்களிடம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும், 'சின்ன வயதில் உங்களுக்கு ஏதாவது நடந்ததா?' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் 19,307 பேரிடம் தொலைபேசியில் எடுத்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பாலுறவு வாழ்க்கை உடையவர்களில் 1.8 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் இதில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளானவர்களாக இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், இசைவோடு நடக்கும் சேடோமசோகிசம், அதாவது வலியைக் கொடுப்பதிலும் பெறுவதிலும் இன்பம் காண்பது, நோயாக இல்லை. இசையாத ஒருவருக்கு வலி இழைப்பதுதான் அதில் கோளாறாக இருக்கிறது. சேடோமசோகிசம் என்ற சொல்லின் பின்னால் ஒரு கதை உண்டு. கிராஃப்ட் எபிங் என்ற மனநல மருத்துவர், வலியைப் பெறுவதில் இன்பம் காண்பதற்கு மசோகிசம் என்ற பெயரை வைத்தபோது, அந்தப் பெயருக்குரிய எழுத்தாளர் மசோக் உயிரோடு இருந்தார். ஒரு மனிதரின் குடும்பப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. அடையாளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

அதே சமயம் எங்களைப் புனிதர்களாகவும் காட்டிவிடாதீர்கள். இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து, எல்லைகளைப் பேச மறுப்பவனும், நிறுத்தச் சொன்ன பிறகு நிறுத்தாதவனும், தோழிகளிடமிருந்து பெண்ணைப் பிரித்து வைப்பவனும் இருக்கிறார்கள். அப்படி ஒருவனிடம் சிக்கி வெளியேறிய ஒருவரின் குரல் இல்லாவிட்டால் உங்கள் படம் விளம்பரமாகிவிடும். கயிற்றைக் காட்டினால் அதன் ஆபத்தையும் காட்டுங்கள். மேற்கையில் தவறான இடத்தில் இறுகினால் ரேடியல் நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொங்கிப்போகும், சரியாகப் பல வாரங்கள் ஆகலாம். அதனால்தான் கட்டுவதற்கு முன்பே, செவிலியர் வைத்திருப்பது போன்ற முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். தும்புக்கயிறு தோலை அறுத்துவிடும். ஊர்க் கயிறு என்ற அழகுக்காக அதைக் காட்டினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

அந்தத் தம்பதியின் சொல்லை நீங்கள் இங்கே எழுதியது எனக்கு உறுத்துகிறது. அது அவர்களுடையது. அதற்குப் பதிலாக, படப்பிடிப்புக்கென்று ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் கேமரா அணைய வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, அதுவரை எடுத்ததையும் அவர்கள் கேட்டால் அழிக்க வேண்டும். நேர்காணல் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்தரங்கத்தைப் பேசிய அன்று இரவு மனம் குப்புற விழும். மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். நாங்கள் எங்களுக்குள் செய்வதும் அதுதான்.

தக்கலை வக்கீல் எழுதியது:

பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் படத்துக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவேதான். மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமோ அறிவோ இல்லாத ஒரு செயலால் ஏற்படும் தீங்கை, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் இசைந்து ஏற்றால் அது குற்றமாகாது என்கிறது. சட்டமே தரும் எடுத்துக்காட்டு, பொழுதுபோக்காக வாட்போர் செய்ய இசைந்த இருவர். கொடுங்காயம் என்ற எல்லையைத் தாண்டினால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ கொடுத்த இசைவு இசைவே ஆகாது என்பது 28ஆம் பிரிவு. ஆகவே படத்தில் பேசுபவர் தமக்கு ஏற்பட்ட பலத்த காயத்தை விவரித்தால், அது அவருடைய துணைக்கு எதிரான வாக்குமூலமாகவும் படிக்கப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூலப்பதிவைப் பற்றிப் பேச்சிப்பாறை சொன்னதைச் சிறிதாக எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்கள் சிலர் தங்களுக்குள் இசைந்து செய்தவற்றுக்குத் தண்டிக்கப்பட்டு, காயம் விளைவித்ததற்கு இசைவைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்று 1993இல், அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 3க்கு 2 என்ற கணக்கில் முடிவு சொன்னது. அந்த விசாரணை தொடங்கியதே, அவர்களே எடுத்துவைத்திருந்த வீடியோ போலீஸ் கையில் கிடைத்ததால்தான். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வீடியோ எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அது பாடம்.

மற்றவை சுருக்கமாக. பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ்ச் சான்று வேண்டும். திரைப்பட விழாவுக்கு மத்திய அரசிடம் விலக்குக் கேட்கலாம். இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வரும். வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டுவது 67ஏ பிரிவின்படி முதல் தடவைக்கே ஐந்தாண்டு சிறை வரை போகக்கூடியது. நீங்கள் பேச்சை மட்டும் வைத்துக்கொள்வது அதனாலும் நல்லது. சம்மதக் கடிதம் தமிழில் இருக்கட்டும். எங்கெல்லாம் காட்டப்படும் என்பது அதில் இருக்க வேண்டும். பெயரும் கையெழுத்தும் உள்ள அந்தத் தாளே மிகப் பெரிய அடையாளம் என்பதால், அதைப் பதிவுகளோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

நாஞ்சில் நிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தொழில், ஆண்டுக்கணக்கு, நிறுத்தும் சொல் ஆகிய மூன்றையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன். ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் மாற்றவில்லை. அது என் பிழை. நெறியாளர் அந்த வரிகளை நீக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திண்ணைப் பதிவை நேற்று இரவு அவர்கள் இருவர் முன்னிலையிலேயே அழித்தேன். தூக்கக் காட்சியும் கயிற்றுக் காட்சியும் படத்தில் இருக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா.

சம்மதக் கடிதத்தின் வரைவையும் நேற்றே கொடுத்தேன். கணவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். மனைவி தாளை வாங்கி, 'இசைவைத் திரும்பப் பெறலாம்' என்ற வரியின் கீழ் நகத்தால் ஒரு கோடு கிழித்து, 'எந்தத் தேதி வரைக்கும்?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படத்தொகுப்பு முடியும் நாள் வரை என்று போடுவதா, முதல் திரையிடல் வரை என்று போடுவதா? வக்கீல் சார், இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.