ஐடி வேலை முழுவதும் ஒரே வெண்டரிடமா, பிரித்துக் கொடுப்பதா?

சர்வர்_காவலன்:
பயனர்கள் 400 பேர், உள் ஐடி டீமில் நாங்கள் நால்வர். இப்போதைய அவுட்சோர்சிங் ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிகிறது. வெளியே போகும் வேலை: சர்வீஸ் டெஸ்க் (பயனர் புகார்களை வாங்கும் மையம்), நெட்வொர்க், கிளவுட் சர்வர்கள், இஆர்பி (கணக்கு, கொள்முதல் போன்ற நிறுவன வேலைகளுக்கான மென்பொருள்) பராமரிப்பு. நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் 12% குறைப்பதாக ஒரு வெண்டர் சொல்கிறார். நிதிப் பிரிவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குடுமி முழுக்க ஒருவர் கையில் போய்விடுமே என்பது என் தயக்கம். எதை வைத்து முடிவெடுக்கலாம்?

ஒப்பந்த_வாசகன்:
முதலில் அந்த 12% எதன் மேல் என்று கேளுங்கள். பெரும்பாலும் மாதாந்திர அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் இருக்கும். புது ரிப்போர்ட், புது கிளை இணைப்பு போன்ற மாற்றக் கோரிக்கைகளுக்கு மணிக்கணக்கு ரேட் கார்டு (கட்டணப் பட்டியல்) தனி. ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் அந்த ரேட்டைப் பூட்டாவிட்டால் தள்ளுபடியில் விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் பேரம் ஏது?

பிரித்துக் கொடுப்பதிலும் செலவு உண்டு. ஒவ்வொரு வெண்டருக்கும் தனி ஆய்வுக் கூட்டம், இன்வாய்ஸ் சரிபார்ப்பு, பாதுகாப்புத் தணிக்கை. உங்கள் நால்வரில் ஒருவரின் பாதி நேரமாவது இதற்கே போகும். அதையும் கணக்கில் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

நள்ளிரவு_ஆன்கால்:
எத்தனை வெண்டர் என்பதைவிட, இருவர் வேலை ஒட்டும் இடத்தை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

‘இஆர்பி திறக்கவில்லை’ என்று ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) வருகிறது. டெஸ்க் அதை அப்ளிகேஷன் டீமுக்குத் தள்ளும். அவர்கள் ‘டேட்டாபேஸ் பதில் தரவில்லை’ என்று கிளவுட் டீமுக்கு. அங்கிருந்து ‘எங்கள் பக்கம் சரி’ என்ற ஒற்றை வரியோடு நெட்வொர்க் டீமுக்கு. கை மாறும்போதெல்லாம் எஸ்எல்ஏ (ஒப்பந்தத்தில் உறுதியளித்த சேவைத் தரம்) கடிகாரம் நின்று புதிதாக ஓடும். மாத முடிவில் மூன்று பேர் அறிக்கையும் பச்சை. பயனர் மட்டும் அரை நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

கணக்கும் அப்படித்தான். சேவை 99.9% நேரம் இயங்கும் என்று உறுதியளித்தால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் மூன்று சேவைகளுக்குத் தலா 99.9% என்றால், கூட்டாகக் கிடைப்பது 99.7%தான், அதாவது ஏறக்குறைய 130 நிமிடம். யாரும் எஸ்எல்ஏவை மீறவில்லை, அபராதமும் இல்லை.

இதற்கு வழி: டிக்கெட் டூல் உங்களுடையதாக இருக்கட்டும். கடிகாரம் பயனர் டிக்கெட் திறந்த நேரத்திலிருந்து ஓடட்டும், கை மாறினாலும் நிற்கக் கூடாது. பி1 (மிக அவசரப் பிரச்சினை) என்றால் 15 நிமிடத்துக்குள் எல்லா வெண்டரும் ஒரே தொலைபேசி அழைப்பில். காரணம் தெரியும்வரை யாரும் வெளியேறக் கூடாது. வெண்டர்களுக்குள் நேரடி ஒப்பந்தம் இருக்காது. எனவே இந்த விதிகளை ஒரே வாசகத்தில், எல்லார் ஒப்பந்தத்திலும் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும்.

உங்கள் அளவுக்கு இரண்டு வெண்டர் போதும் என்பேன். டெஸ்க், நெட்வொர்க், கிளவுட் ஒருவரிடம், இஆர்பி வேறொருவரிடம். டிக்கெட் அதிகம் கை மாறும் இடத்தில் வெட்டக் கூடாது, குறைவாக மாறும் இடத்தில் வெட்டலாம். நால்வரை வைத்துக்கொண்டு நான்கு வெண்டரை மேய்ப்பது ஆகாத காரியம்.

பேக்கப்_பைத்தியம்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். (கேள்வி புதிதல்ல: 1989-லேயே கோடாக் டேட்டா சென்டரை ஐபிஎம்மிடமும், தொலைத்தொடர்பை டிஇசி என்ற கணினி நிறுவனத்திடமும், பிசி வேலையை பிசினஸ்லேண்ட் நிறுவனத்திடமும் பிரித்துக் கொடுத்தது.)

ஒன்றோ இரண்டோ, குடுமி யார் கையில் என்பதைத் தீர்மானிப்பது அட்மின் கணக்குகள். டொமைன் பதிவு, கிளவுட்டின் மூலக் கணக்கு (முழு அதிகாரமுள்ள கணக்கு), குறியாக்கச் சாவிகள், சோர்ஸ் கோடு ரெப்போ (நிரல்களின் சேமிப்பிடம்) எல்லாம் உங்கள் நிறுவனப் பெயரில் இருக்க வேண்டும். வெண்டருக்குக் கொடுப்பது அனுமதி மட்டும். காலாண்டுக்கு ஒருமுறை, வெண்டரின் கை படாமல், அவர் எழுதிய ஆவணத்தை மட்டும் வைத்து உங்கள் டீம் ஒரு சர்வரை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கட்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஆவணம் பொய். ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று முதல் ஆறு மாத ஒப்படைப்பு உதவியை, அதே ரேட் கார்டில், இப்போதே எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் கொடுத்தபின் கேட்டால் அவர் சொன்னதுதான் விலை.

இரண்டு வெண்டர் வைத்தால், இருவருக்கும் பின்னால் ஒரே துணை ஒப்பந்தக்காரரோ ஒரே கிளவுட் மண்டலமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களைப் படுக்க வைத்தது. வெண்டர்கள் பலர் இருந்தும், எல்லாருக்கும் பின்னால் இதே மென்பொருள் இருந்தால் தப்ப வழியில்லை.

சர்வர்_காவலன்:
நன்றி. ஒரு சந்தேகம்: டெஸ்க்கும் கிளவுட்டும் ஒரே வெண்டரிடம் இருந்தால், சந்தேகமான டிக்கெட்டையெல்லாம் இஆர்பிகாரர் தலையில் கட்டமாட்டாரா?

நள்ளிரவு_ஆன்கால்:
கட்டுவார். லாக் (கணினியின் நிகழ்வுப் பதிவு) பகுதியும் நேரமும் இணைக்காத டிக்கெட்டை டூலே அடுத்தவருக்கு மாற்ற விடாதபடி அந்த இரண்டையும் கட்டாயப் புலமாக்குங்கள். இரண்டு முறைக்கு மேல் கை மாறினால் தானாக உங்கள் டீமுக்கு வரட்டும். அனுப்பியவருக்கே திரும்பிவந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை மாத அறிக்கையில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள்.