புதுப்பிப்பு: உருளைக்கிழங்குக்கு 20 செ.மீ.யா, 30 செ.மீ.யா?

செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி விடலாம் என்று நடவுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். ஊட்டிப் பக்கம் மலைச்சரிவு, பாருக்குப் பார் (செடி நடும் மண் மேட்டு வரிசைகளுக்கு இடையே) 45 செ.மீ. தோட்டத்தில் பாதி 20, பாதி 30 என நட்டோம். கிழங்கு எடுத்தாகிவிட்டது.

மொத்த எடையில் 20 முந்தியது. ஆனால் அதில் பொடிக்கிழங்கு நிறைய. 30-ல் ஒவ்வொரு கிழங்கும் பருமன், மண்டியில் தனி விலை.

விதைச் செலவைப் பார்க்காமல் இதை முடிவு செய்யக் கூடாது. 45க்கு 20 என்றால் ஏக்கருக்குச் சுமார் 45,000 செடி. 30 என்றால் 30,000. 40 கிராம் விதைக்கிழங்கு வைத்தால் முறையே 1,800, 1,200 கிலோ. அந்த 600 கிலோ விதையின் விலையைக் கழித்தால் கூடுதல் மகசூலில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

பெரிய விதைக்கிழங்கு பல தண்டு விடும், அதை நெருக்கி நடவே வேண்டாம். மழைப் போகத்தில் இலை மூடிக்கொண்டால் ஈரம் காயாது. இலையைக் கருக்கும் பின்கருகல் நோய் வர அது போதும்.

விதைக்காகவே பயிரிடுவோருக்கு 20 நல்லது, சிறு கிழங்குதான் அவர்களுக்குத் தேவை. சந்தைக்கு அனுப்பும் நான் அடுத்த போகத்தில் 25 வைத்து, செடியின் அடியில் மண் அணைப்பதை இன்னும் உயரமாகச் செய்யப்போகிறேன்.