சீர்மிகு சட்டப்பள்ளியா, திருச்சி என்எல்யூவா?

கேள்வி: தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சிட்டா, மார்க் நல்லா இருக்கு, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு கிளாட்டும் எழுதியிருக்கா. திருச்சி என்எல்யூ (தேசிய சட்டப் பல்கலை) கிடைக்கும்போல, ஆனா ஃபீஸ் ஜாஸ்தி. அப்பா சென்னையிலயே, அம்பேத்கர் சட்டப் பல்கலையோட சீர்மிகு சட்டப்பள்ளில சேருன்றார். எதை வச்சு முடிவு பண்றது?

பதில் 1: ப்ரோ, சென்னைல ப்ளஸ் டூ மார்க் வச்சுதான் சீட்டு, திருச்சிக்கு கிளாட், 120 கேள்வி 2 மணி நேரம், தப்புக்கு கால் மார்க் போயிடும், அதனால உள்ள வர்ற பசங்களே வேற மாதிரி இருப்பாங்க. ப்ளேஸ்மென்ட்ல அதிகபட்ச சம்பளத்த பாத்து மயங்காதீங்க, மொத்த பேட்ச்ல எத்தன பேருக்கு வேலை கெடச்சுது, நடுவுல இருக்கறவங்களுக்கு எவ்ளோன்னு கேளுங்க. என்ஐஆர்எஃப்ல (மத்திய அரசோட காலேஜ் ரேங்கிங்) சேர்ந்த காலேஜ்னா மீடியன் சம்பளம் அவங்க குடுத்த டேட்டாலயே இருக்கும்.

பதில் 2: கோர்ட் ப்ராக்டிஸ்தான் ஆசைன்னா என் ஓட்டு சென்னைக்கு. ஹைகோர்ட் அதே ஊர்ல இருக்கு, படிக்கும்போதே சீனியர் ஆபீஸ்ல உக்காந்து வக்காலத்து, அஃபிடவிட் எல்லாம் கைப்பட பழகிக்கலாம். கார்ப்பரேட்னா என்எல்யூ பேருக்கு மதிப்பு உண்டு.

பதில் 3: தங்கச்சிக்கு ஜட்ஜ் ஆகணும்னு இருக்கா? 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுத வக்கீலா 3 வருஷ ப்ராக்டிஸ் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. அந்த 3 வருஷம் ஜூனியருக்கு வருமானம் ரொம்ப கம்மி, கல்விக் கடன் வாங்கினா அதையும் கணக்குல சேத்துக்கோங்க.