ஆய்வக நுட்பப் பட்டப்படிப்புக்கு நான்கு லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: தேனியிலிருந்து ஓர் அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை தேனி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் படித்து, இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறாள். எங்கள் அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோது, தினமும் வந்து ரத்தம் எடுத்துச் சென்ற அக்காவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து எம்.எல்.டி. எனப்படும் மருத்துவ ஆய்வக நுட்பம் படிக்க வேண்டும் என்று சொல்லி வருகிறாள்.

ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. இடம் தருவதாகச் சொல்கிறார்கள். மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்ந்த படிப்பு அது. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆகும். அப்பா தோட்ட வேலைக்குப் போகிறார், நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், கையில் சேமிப்பு இல்லாததால் முழுத் தொகையையும் கல்விக் கடனாகத்தான் வாங்க வேண்டும். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமோவுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். பட்டமா டிப்ளமோவா என்பதோடு, இந்தப் படிப்பு இந்தச் செலவைத் தாங்குமா என்பதையும் இத்துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: மதுரையில் ஆய்வகப் பொறுப்பாளர்

தம்பி, நான் பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன், புதிதாக வரும் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் பொறுப்பும் என்னுடையது. முதலில் கடன் கணக்கைப் போட்டுவிடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால், பத்து சதவீதத் தனி வட்டி என்று வைத்துக்கொண்டாலே அந்த ஐந்து ஆண்டுகளில் 1,40,000 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். அப்போது 5,40,000 ரூபாயை ஏழு ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 9,000 ரூபாய் வரும். எங்கள் ஊரில் நான் அறிந்தவரை புதிதாகச் சேருபவர்களுக்குப் பன்னிரண்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரைதான் கிடைக்கிறது, முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பட்டம் பெற்றவருக்கும் டிப்ளமோ பெற்றவருக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. அந்தச் சம்பளத்தில் அவள் விடுதி வாடகையும் கொடுத்து ஒன்பதாயிரம் தவணையும் கட்ட முடியாது, ஆகவே தவணை உங்கள் தலையில்தான் விழும் என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

இதை அவளைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான் பட்டத்தின் பயன் தெரியத் தொடங்கும், என்.ஏ.பி.எல். என்ற தேசிய தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பெரிய ஆய்வகங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கும், ஒரு பிரிவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கும் பட்டம் படித்தவர்களையே முதலில் தேடுகிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோவது அவர் எங்கே கைப்பழக்கம் பெற்றார் என்பதுதான். உறைதல் பரிசோதனைக்கான நீல மூடி டியூப்பில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் இருக்க வேண்டும். அளவுக்கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் ரத்தம் உறைய நேரமாவதாகத் தவறான ரிப்போர்ட் வரும், அதை நம்பி மருத்துவர் மருந்தின் அளவைக்கூட மாற்றிவிடலாம். இழுக்கும்போது செல்கள் உடைந்துபோன சாம்பிளில் பொட்டாசியம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளவைதான் என்றாலும், நூறு சாம்பிள்களுக்கு நடுவில் ஒன்றைக் கையில் எடுத்ததும் இது சரியில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு, வேலை நிறைய நடக்கும் ஆய்வகத்தில் நின்றவர்களுக்கே வருகிறது. மூன்று ஆண்டுகள் படித்துவிட்டு கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாகப் பரப்பி ஒரு ஸ்மியர் ஒழுங்காக இழுக்கத் தெரியாமல் நேர்முகத்துக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய கல்லூரியில் நோயாளிகளே வரவில்லை.

ஆகவே கட்டணத்தைப் பேசுவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே ஒரு நாளில் எத்தனை சாம்பிள்கள் வருகின்றன, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைக் காலையில் ஓட்டி வரைபடத்தில் குறிப்பதை மாணவர்களைச் செய்ய விடுகிறார்களா, நுண்ணுயிரியல் பிரிவில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போடப்படுகிறதா என்று கேளுங்கள். தங்கையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், கடைசி ஆண்டு மாணவிகளோடு அவள் தனியாகப் பேசட்டும்.

மறுமொழி 2: குவைத்தில் பணிபுரிபவர்

மதுரை அம்மையார் சொன்ன கணக்கோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் டிப்ளமோவே போதும் என்று யாரும் முடிவுசெய்துவிட வேண்டாம். நான் முதலில் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்கு முயன்றபோது டெக்னீஷியன் என்ற நிலைக்கு மேல் விண்ணப்பிக்கவே முடியவில்லை. பிறகு பட்டம் படித்து முடித்த பின்புதான் டெக்னாலஜிஸ்ட் என்ற தகுதியில் வர முடிந்தது, இரண்டுக்கும் இடையிலான சம்பள வித்தியாசத்தில் என் வீட்டுக் கடன் அடைந்தது. முப்பது வயதில் குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பதைவிடப் பதினெட்டு வயதில் படிப்பது எளிது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வளைகுடாவை மனதில் வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமத் தேர்வு எழுதுவதோடு, நம் சான்றிதழ்களை அவை வழங்கப்பட்ட இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும் நடைமுறையும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தையும், நாம் வேலை பார்த்த ஆய்வகத்தையும் நேரடியாகத் தொடர்புகொள்வார்கள். நான் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு சிறிய ஆய்வகம் மூடப்பட்டுவிட்டதால், அந்த அனுபவத்தை உறுதிசெய்ய ஆள் இல்லாமல் அந்த இரண்டு ஆண்டுகளும் கணக்கில் வரவில்லை. ஆகவே உங்கள் தங்கை முதல் வேலையை ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், பத்து ஆண்டுகள் கழித்தும் நிலைத்திருக்கும் நிறுவனத்தில் தேர்ந்தெடுத்து, நியமன ஆணையையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

மறுமொழி 3: அரசு மருத்துவமனை ஆய்வக நுட்புனர்

அரசு வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012 முதல் இயங்கி வருகிறது. அதன் அறிவிக்கையில் எந்தப் படிப்பு, எவருடைய அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கும். பட்டம் பெரியது, ஆகவே எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. பழைய அறிவிக்கைகளை எடுத்துத் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்துவிட்டு, கல்லூரியின் இணைப்பு ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம், நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் உதவும் துணைநிலைத் தொழிலருக்கான டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும் என்கிறது. ஆறு மாதத்தில் எம்.எல்.டி. என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் எவ்வளவு குறைந்த கட்டணமானாலும் போக வேண்டாம். அரசுக் கல்லூரி டிப்ளமோ கிடைத்தால் அங்கே வரும் நோயாளிக் கூட்டமே பெரிய பள்ளிக்கூடம். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், மறக்காமல் விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற சனிக்கிழமை தங்கையோடு அந்தக் கல்லூரிக்குப் போய் வந்தேன். கட்டடமும் கருவிகளும் புதிதாக இருந்தன. ஆனால் மருத்துவமனை அவர்களுடையது அன்று; கடைசி ஆண்டுப் பயிற்சிக்கு மாணவர்களே இடம் தேடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாணவி தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பும் வழியில் பேருந்தில் அவளே, "இங்கே வேண்டாம் அண்ணா" என்றாள்.

அரசு டிப்ளமோவுக்கான தரவரிசைக்குக் காத்திருக்கிறோம். அது கிடைத்தால் அங்கே சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் நல்ல இடத்தில் வேலை பார்த்துவிட்டு, குவைத் அண்ணன் சொன்னதை மனதில் வைத்து, முப்பது வயது வரை தள்ளிப்போடாமல் பட்டத்தில் சேர வேண்டும் என்று அவளிடம் பேசியிருக்கிறேன். டிப்ளமோ முடித்தவர்களை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் விதிகளை அவளே இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். டிப்ளமோ கிடைக்காவிட்டால், சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரி ஒன்றைப் பார்த்துவிட்டு, படிக்கும் காலத்திலேயே மாதந்தோறும் வட்டியை நான் கட்டிவருவது என்று முடிவுசெய்திருக்கிறோம்.