இரண்டு 64 ஜிபி கார்ட், இரண்டிலும் பிழை: ஒன்றில் படம் இல்லை, மற்றதில் பாட்டு இல்லை

வெள்ளவத்தை_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். ஆடிவேலுக்கு முதல் கிழமை புறக்கோட்டையில் ஒரு கடையில் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட் இரண்டு வாங்கினேன். பம்பலப்பிட்டியில் கேட்ட விலையில் பாதிதான், மட்டையில் பெயர்போன கொம்பனியின் பெயரும் இருந்தது, அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. ஒன்றை என் போனில் போட்டேன். மற்றது அம்மாவின் பாட்டுப் பெட்டிக்கு. அதுதான், மேலே கைபிடியும் பக்கத்தில் கார்ட் போடும் ஓட்டையும் உள்ள சின்ன ரேடியோ. விடிய ஐந்து மணிக்குச் சுப்ரபாதம் தொடங்கி வீட்டையே எழுப்பும் சாமான்.

முதல் பிரச்சினை என் போன். வேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து வந்து காலி வீதியில் திரும்பும்போது இரண்டு மணி நேரம் நின்று படமும் வீடியோவுமாக எடுத்துத் தள்ளினேன். அன்றைக்கு இரவு பார்த்தபோது கேலரியில் எல்லாம் சின்னச் சின்னப் படமாக ஒழுங்காகத் தெரிந்தது. மூன்று நாள் கழித்து ஒன்றைத் திறந்தால் ரதத்தின் உச்சியும் கொடியும் மட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம், சீமெந்து பூசின மாதிரி. அதற்குப் பிறகு எடுத்தவை ஒன்றும் திறக்கவே இல்லை. அதற்கு முந்தியவை நன்றாக இருக்கின்றன.

இரண்டாவது, அம்மாவின் பெட்டி புதுக் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய 8 ஜிபி கார்டைப் போட்டால் உடனே பாடுகிறது.

கடைக்காரரிடம் கேட்டேன், "போன் பிழை தங்கச்சி, ஒருக்கா போமற் பண்ணிப் பாருங்கோ" என்றார். போன் 59 ஜிபி சொச்சம் என்று காட்டுகிறது, அப்படியென்றால் கார்ட் உண்மையானதுதானே? போமற் பண்ணலாமா, அதாவது கார்டை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்கலாமா?

கடலோர_ரயில்

போமற் பண்ண வேண்டாம்! முதலில் கார்டைப் போனிலிருந்து கழற்றுங்கள், அதில் இனி ஒரு படமும் எடுக்க வேண்டாம். கொம்பியூட்டரில் போட்டதும் "போமற் செய்யவா" என்று ஒரு பெட்டி வந்தாலும் வேண்டாம் என்று அமத்திவிட்டு, திறக்கிற படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். மிச்சக் கதை அதற்குப் பிறகு.

அடாப்டருக்குள் போட்டுச் செருகுவதென்றால் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். பிறகு பெரும்பாலும் தவறுதலாகக் கூட ஒன்றும் எழுதப்படாது.

கொட்டாஞ்சேனை_கமராக்காரன்

கலியாண வீட்டுப் படம் எடுப்பது என் தொழில், இந்தச் சாம்பல் நிறத்தை நானும் ஒருமுறை பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன். தங்கச்சி, உங்களுடையவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒரே கடையில் வாங்கியதால் ஒன்றாகத் தெரிகிறது.

போன் கார்டைப் பற்றி முதலில். 64 ஜிபி கார்ட் 59 சொச்சம் என்று காட்டுவது வழமைதான், கொம்பனிக்காரர் ஆயிரத்தால் கணக்குப் பார்க்கிறார்கள், போன் 1024ஆல் பார்க்கிறது. ஆனால் அந்த எண் ஒன்றையும் நிரூபிக்காது. கார்டுக்குள் மெமரி சிப்போடு ஒரு கட்டுப்பாட்டுச் சிப்பும் இருக்கிறது, "உன்னிடம் எவ்வளவு இடம்" என்று போன் கேட்டால் பதில் சொல்வது அதுதான். போலிக் கார்ட் செய்கிறவர்கள் அந்தச் சிப்பைப் பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும், வாய் 64 என்று சொல்லும். உண்மையான இடம் முடியும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும், அதனால்தான் கடையில் இரண்டு படம் எடுத்துப் பார்த்தால் பிடிபடாது. முடிந்த பிறகும் கார்ட் "எழுதிவிட்டேன்" என்றே சொல்லும், எழுதியிருக்காது. சில போலிகள் திரும்பத் தொடக்கத்துக்கு வந்து பழையவற்றின் மேலேயே எழுதும், அது இன்னும் மோசம், முழுக் கார்டும் குழம்பிவிடும். உங்களுடையது முதல் வகை என்று நினைக்கிறேன். பாதி சாம்பல் உள்ள படம்தான் எல்லைக் கல், கார்டின் உண்மையான இடம் அந்தப் படத்தின் நடுவில் முடிந்திருக்கிறது.

பிறகு ஏன் இரவு கேலரியில் தெரிந்தது என்று கேட்பீர்கள். கேலரி காட்டும் சின்னப் படங்களைப் போன் தன் சொந்த மெமரியில் தனியாக வைத்துக்கொள்ளும், கார்டில் மூலப் படம் இருக்கிறதா இல்லையா என்று அது ஒவ்வொரு முறையும் போய்ப் பார்ப்பதில்லை.

சோதிக்க ஒரே வழி, கார்டை முழுக்க நிரப்பித் திரும்ப வாசிப்பது. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மெக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 (F3), இரண்டும் இலவச மென்பொருள்கள். நல்ல படங்களைக் கொப்பி பண்ணி, அவை திறக்கின்றனவா என்று பார்த்து, கார்டை வெறுமையாக்கிய பிறகு ஓட விடுங்கள். 64 ஜிபிக்கு எழுதி வாசித்து முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், சோறு ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.

ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டும். ஃபோட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருள்கள் நல்லவைதான், தவறுதலாக அழித்ததையும் போமற் பண்ணியதையும் எத்தனையோ தடவை எனக்கு எடுத்துத் தந்திருக்கின்றன. ஆனால் எழுதப்படாத படத்தை எவராலும் மீட்க முடியாது. எல்லைக்குப் பிறகு எடுத்தவற்றுக்காகக் காசு கொடுத்து யாரிடமும் மினக்கெட வேண்டாம். அன்றைக்கு யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? எடுத்த உடனே அனுப்பியிருந்தால் அப்போது அந்தப் படம் போனின் ரேமில், அதாவது தற்காலிக மெமரியில், இன்னும் இருந்திருக்கும், முழுசாகப் போயிருக்கும். தரம் குறைவுதான், ஆனாலும் படம்.

பழைய_ரேடியோ

பாட்டுப் பெட்டி என் பக்கம். அந்தக் கார்ட் போலியோ உண்மையோ, 64 ஜிபி என்பதே அந்தப் பெட்டிக்குப் பிரச்சினை. கார்டின் முகத்தைப் பாருங்கள், எஸ்டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எச்சி (HC) என்றோ எக்ஸ்சி (XC) என்றோ இருக்கும். 2 ஜிபி வரை வெறும் எஸ்டி, அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி, 32க்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. எக்ஸ்சி 2009இல் வந்த தரம், அது எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் போமற் ஆகி வரும். எக்ஸ்ஃபேட் மைக்ரோசொஃப்டின் சொத்து, நெடுங்காலம் அதைப் பாவிக்க உரிமம் வாங்க வேண்டியிருந்தது, மலிவுப் பெட்டி செய்கிறவன் அந்தக் காசை ஏன் கட்டப் போகிறான்? அதனால் அவற்றுக்குத் தெரிந்த மொழி ஃபேட் 32 என்ற பழைய முறை மட்டும்.

64ஐ வேறு மென்பொருளால் ஃபேட் 32 ஆக்கிப் பார்க்கலாம். பல விண்டோஸ்களின் வழமையான போமற் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தெரிவே வராது. சில பெட்டிகள் அப்படிச் செய்தால் பாடும், சில பாடாது. எனக்கென்றால் அந்தப் பாடு தேவையில்லை, 16 அல்லது 32 ஜிபி ஒன்று வாங்கிக் கொடுங்கள். தேவாரம், திருப்புகழ், சுப்ரபாதம் எல்லாம் சேர்த்தும் 4 ஜிபி தாண்டாது.

இன்னொன்று. இந்தப் பெட்டிகள் பல பாட்டுகளைப் பெயர் வரிசையில் வாசிப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் ஏற்றினீர்களோ அந்த வரிசையில்தான் வாசிக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டால் விடியக்காலையில் மங்களம் பாடிவிட்டுத்தான் பிள்ளையார் வருவார். ஒவ்வொன்றாக, கேட்க வேண்டிய வரிசையிலேயே ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு சண்டை நடந்தது.

திரீவீல்_தம்பி

கேள்விக்குப் புறம்பு என்றாலும் சொல்கிறேன். நான் வண்டியில் முன்பக்கக் கமரா பூட்டியிருக்கிறேன், நாள் முழுக்க எழுதி அழித்து எழுதும். உண்மையான கார்ட்தான், பதினாலு மாதத்தில் செத்துவிட்டது. சாகிற விதம் தெரியுமா, படம் எல்லாம் அப்படியே இருக்கும், அழித்தால் அழியாது, போமற் பண்ணினால் "முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பழைய வீடியோவையே காட்டும். ஒரு கிழமையாக அதே மருதானைச் சந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்துபோன கார்ட் தன்னை வாசிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளுமாம். வொறன்ரி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வாகனக் கமராவுக்குப் பாவித்தால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த வேலைக்கு "ஹை என்டியூரன்ஸ்" என்று தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

கடலோர_ரயில்

மாடிவீடு, அடுத்த கார்ட் வாங்கும்போது எழுத்துகளையும் பாருங்கள். வட்டத்துக்குள் 10 என்றால் தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ3 அல்லது வி30 என்றால் 30, 4கே வீடியோவுக்கு அது வேண்டும். ஏ1, ஏ2 என்பது கார்டில் செயலிகளை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. மட்டையில் பெரிதாகப் போடும் வேகம் வாசிக்கும் வேகம், அதில் மயங்க வேண்டாம். போனில் போட்டதும் "உள் சேமிப்பாகப் பாவிக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆம் என்றால் அந்தப் போனைத் தவிர வேறு எதிலும் வாசிக்க முடியாதபடி பூட்டிவிடும்.

வெள்ளவத்தை_மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி, வந்து சொல்கிறேன் என்று நினைத்தே நாலு நாள் போய்விட்டது.

கமராக்கார அண்ணா சொன்னபடியே சோதித்தேன். 7.3 ஜிபி சரி, மிச்சம் 52 ஜிபி சொச்சம் தொலைந்தது என்று வந்தது. வாயே திறக்கவில்லை, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவின் கார்டையும் அதில் ஓட்டினேன், அதுவும் அதே கதை. ஆக அம்மாவின் பெட்டி மட்டும்தான் அந்தக் கார்டை முதல் நாளே நம்ப மறுத்திருக்கிறது!

சோதனை முடிவைப் படமாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில் எங்கே என்றார். பில் தரவில்லையே என்றேன். சிரித்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு அடிக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான், ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் என்னவென்று முறையிடுவது? அடுத்த கார்டைப் பம்பலப்பிட்டியில் பில்லோடும் வொறன்ரியோடும் வாங்கினேன், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முழுக்க நிரப்பிப் பார்த்தேன், 59.6ம் சரி.

வாட்ஸ்அப் யோசனைதான் பெரிய உதவி. அன்றைக்கு ரதம் வரும்போதே கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன், அவரிடம் கேட்டால் பதினாலு படம் அப்படியே இருக்கிறது. "நான் ஒன்றையும் அழிக்கிறதில்லை பிள்ளை" என்றார், போன குடும்பக் கலியாணத்து வாழையிலைப் படங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு 16 ஜிபி வாங்கி ஒவ்வொன்றாக ஏற்றினேன். பழைய_ரேடியோ சொன்னதைக் கேட்டும் அவசரத்தில் கடைசிப் பத்தையும் ஒன்றாக இழுத்துப் போட்டுவிட்டேன், இப்போது கந்தசஷ்டி கவசம் இரண்டு தரம் வருகிறது. அம்மா மாற்ற வேண்டாம் என்கிறார்.