காவல்துறையில் பெண் அதிகாரி: "நெட்வொர்க் பண்ணு" என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பொங்கோல்_வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர்க் காவல்துறையில் ஆறாவது ஆண்டு. முதலில் அக்கம்பக்கக் காவல் நிலையம், இப்போது ஒரு நிலப்பிரிவில் (வட்டாரக் காவல் பிரிவில்) புலனாய்வு அதிகாரி. ஆண்டு மதிப்பீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குழுத் தலைவர் பொறுப்புக்கு ஆள் தேடும்போது என் பெயர் அடிபடுவதே இல்லை. கேட்டால் "நெட்வொர்க் பண்ணும்மா" என்கிறார்கள். யாரிடம், எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை.

மேலதிகாரி ஒருவரிடம் போய் "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று கேட்பது நம் துறையில் சரிப்படுமா? அனைத்துலகப் பெண் காவலர் சங்கங்களில் சேர்ந்தால் பயன் உண்டா? அடுத்த ஆண்டு குழந்தை பற்றியும் யோசிக்கிறோம். அதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

பழைய_விசில்:

தங்கச்சி, யாரைப் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன் முடிவு எந்த அறையில் எடுக்கப்படுகிறது என்று பாருங்கள்.

பொதுச் சேவையில் உங்களைப் பற்றி இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று இந்த ஆண்டு வேலை எப்படி என்பது. மற்றது நீங்கள் எவ்வளவு உயரம் போகக்கூடியவர் என்ற கணிப்பு; சிஈபி என்பார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையைப் பார்த்து 1980களில் எடுத்துக்கொண்டது. முதலாவது உங்களுக்குத் தெரியும். இரண்டாவதைப் பொதுவாக நம்மிடம் சொல்வதில்லை. பொறுப்புகள் பெரும்பாலும் இரண்டாவதை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன.

அந்தக் கணிப்பு உங்கள் நேரடி அதிகாரி ஒருவர் கையில் மட்டும் இல்லை. ஒரே நிலையில் உள்ள பலரை மேசையில் போட்டு ஒப்பிடுவார்கள். உங்கள் ஓசி, அதாவது அந்த நேரடி அதிகாரி, உங்களுக்காகப் பேசுவார். அப்போது மற்றவர்கள் "ஆமாம், அந்தப் பெண்ணைத் தெரியும், அன்றைக்கு அந்த வேலையை அவள்தான் முடித்தாள்" என்று சொல்ல வேண்டும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் ஓசி சொன்னது தனிக்குரலாக நின்றுவிடும். அந்த மேசையில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். நெட்வொர்க் என்று நான் சொல்வது அவ்வளவுதான். கார்டு கொடுப்பதும் கூட்டத்தில் கைகுலுக்குவதும் அதற்கு அப்புறம்.

அந்த இரண்டு பேர் யார்? உங்கள் அதிகாரியின் அதிகாரி ஒருவர். பிரிவுத் தலைமையகத்தில் நடவடிக்கைத் திட்டமிடலைக் கவனிப்பவர் இன்னொருவர். அவர்கள் கண்ணில் படும் வேலை தேசிய தினம், எஃப்1 இரவுப் பந்தயம், தைப்பூசம் போன்ற பெரிய ஏற்பாடுகளில் கிடைக்கும். அங்கேயும் "நானும் வருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு துண்டைக் கேளுங்கள். தைப்பூசம் என்றால் பெருமாள் கோவிலில் இருந்து டேங்க் ரோடு வரை மொத்தப் பாதையையும் யாரும் தரமாட்டார்கள். ஒரு சாலைச் சந்திப்பு, அதன் ஆள்பலக் கணக்கு, கூட்டம் தேங்கினால் எந்தப் பக்கம் திருப்புவது, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதைத் தனியாக எழுதிக் கொடுக்கக் கேட்கலாம். நிகழ்வுக்குப் பிந்திய மறுஆய்வில் அந்தத் துண்டைப் பற்றி நீங்களே பேச வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எழுதியது ஒருவர், திரைக்கு முன் நின்று பேசியது வேறொருவர் என்றாகிவிடும்.

இதே இடத்தில் நம் பெண்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, டின்னர் அண்ட் டான்ஸ் ஏற்பாடு, நிகழ்ச்சி நெறியாளர், பிறந்தநாள் கேக்குக்குக் காசு சேர்ப்பது. தமிழ் தெரிந்தவர் என்றால் கூடவே லிட்டில் இந்தியாவிலும் ஊழியர் தங்குவிடுதியிலும் "கொஞ்சம் வந்து மொழிபெயர்த்துக் கொடு". எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் மதிப்பீட்டில் இவை "ஒத்துழைப்பவர், உதவும் மனம் உடையவர்" என்ற வரியாக மட்டுமே வந்து நிற்கும். தலைமைக்கு ஆள் தேடுபவர் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அதனால் ஆண்டுக்கு ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதிலும் பணமும் முடிவும் உங்கள் கையில் இருக்கும் பொறுப்பாகப் பாருங்கள். தமிழ் விஷயத்தில் வேலையின் வடிவத்தையே மாற்றலாம். அழைக்கும்போதெல்லாம் போய் மொழிபெயர்ப்பதை விட்டு, வெளிநாட்டு ஊழியர்களுக்கான மோசடி விழிப்புணர்வை உங்கள் பிரிவுக்காக ஏற்று நடத்துவதாகச் சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் நலனைக் கவனிக்கும் மனிதவள அமைச்சின் ஏஸ் குழு, விடுதி நிர்வாகிகள், வெளிநாட்டு ஊழியர் நிலையம், மோசடித் தடுப்புப் பிரிவு என்று நாலு இடத்தாரோடு பேச வேண்டிவரும். அதே தமிழ்தான்; ஆனால் இப்போது கூட்டத்தைக் கூட்டுபவர் நீங்கள்.

ரெண்டாவது_ஷிஃப்ட்:

விசில் அண்ணன் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். மேசையில் இரண்டு பேர், சரி. ஆனால் போஸ்டிங் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். உங்களுக்காகப் பேச வேண்டியவர் ஜூரோங்கில் இருந்து விமான நிலையத்துக்குப் போய்விட்டால் கணக்கு மறுபடி பூஜ்யம். ஒரே பிரிவுக்குள் கட்டிய உறவுக்கு ஆயுள் குறைவு. அடுத்த போஸ்டிங்கை நீங்களே யோசித்துக் கேட்பது அதைவிடப் பெரிய விஷயம்.

எதைக் கேட்பது என்பதற்குச் சுலபமான வழி: மூத்த பதவிகளுக்கு ஆள் நியமிக்கும்போது உள்துறை அமைச்சு வெளியிடும் அறிக்கைகளைப் படியுங்கள். முன்பு வகித்த பொறுப்புகள் அதில் வரிசையாக இருக்கும். ஜூரோங் பிரிவின் தளபதியாக இருந்த ஜுரைடா அப்துல்லா, குற்றப் புலனாய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய ஃபுளோரன்ஸ் சுவா, 2020-ல் சிறைத்துறையின் முதல் பெண் ஆணையரான ஷீ யோங் லீ போன்றவர்களின் பாதையைத் தாளில் எழுதி, உங்கள் பாதையைப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கட்டம் உங்களிடம் காலி என்று தெரிந்துவிடும். பெண் அதிகாரிகளிடம் வழக்கமாகக் காலியாக இருப்பது ஆள்களை நேரடியாக நடத்திய கட்டம். புலனாய்விலும் தலைமையகத்திலும் நல்ல பெயர் இருக்கும், களத்தில் ஒரு குழுவை நடத்திய பதிவு இருக்காது. அதை மற்ற எதனாலும் ஈடுகட்ட முடியாது.

தொடர்பு பரவும் போஸ்டிங் என்றால் மூன்றைச் சொல்வேன். உள்துறைக் குழுப் பயிற்சிக் கழகத்தில் பயிற்றுநர்: உங்களிடம் படித்தவர்கள் எல்லாப் பிரிவிலும் இருப்பார்கள். காவல்துறைத் தலைமையகம் இருக்கும் நியூ ஃபீனிக்ஸ் பார்க்கில் திட்டப் பணி: மேலிடம் எப்படி யோசிக்கிறது என்று புரியும், எழுத்தும் சீராகும். நேப்பியர் ரோட்டில் 2015-ல் திறந்த இன்டர்போல் வளாகத்துக்கு மாற்றுப்பணி: பல நாட்டுக் காவல் அதிகாரிகளோடு பக்கத்து மேசையில் வேலை செய்யலாம். மூன்றாவது எல்லாருக்கும் கிடைக்காது, உண்மைதான்.

பகுதிநேரப் படிப்பையும் இந்தக் கணக்கில் சேருங்கள். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. வகுப்பில் குடிநுழைவு, குடிமைத் தற்காப்பு, சிறைத்துறை ஆள்கள் பக்கத்தில் உட்கார வாய்ப்பு அதிகம். குழுப் பாடத்தில் நாலு மாதம் சேர்ந்து மாரடித்தவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள்.

பெண் காவலர் சங்கம் பற்றி. ஐஏடபிள்யூபி எனப்படும் அனைத்துலகப் பெண் காவலர் சங்கம் 1915-ல் தொடங்கிய அமைப்பின் வழிவந்தது. ஆண்டுக்கு ஒரு பயிற்சி மாநாடு நடத்துகிறார்கள். 2023-ல் ஆக்லாந்து, 2024-ல் சிகாகோ, 2025-ல் கிளாஸ்கோ. தனியாளாகவும் சேரலாம். ஆனால் உறுப்பினர் அட்டையால் பதவி உயர்வு வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பயன் வேறு இடத்தில் இருக்கிறது: தலைமைத்துவம், வழிகாட்டல், சமூகச் சேவை, வீரம் என்று அவர்கள் தரும் விருதுகள். விருதுக்கு முன்மொழிய உங்கள் மேலதிகாரி உட்கார்ந்து நீங்கள் செய்ததை எழுத வேண்டும். விருது வராவிட்டாலும் அந்த எழுத்து அவர் கையிலேயே இருக்கும். ஆண்டு மதிப்பீட்டுக்கு அதில் இருந்துதான் வரிகளை எடுப்பார். துறைக்குச் சொல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்க மட்டும் வேண்டாம்.

பொங்கோல்_வாசி:

விசில் அண்ணா, ஷிஃப்ட் அக்கா, மிக்க நன்றி. அந்தக் காலிக் கட்டம் என்னிடமும் அதேதான். வழிகாட்டியைக் கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? குழந்தை விஷயமும்.

பழைய_விசில்:

கேட்கலாம். ஆனால் "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்ற சொற்களில் வேண்டாம். அது முடிவே இல்லாத கடமை போலத் தெரியும். வேலைப்பளு உள்ளவர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். ஒரே ஒரு கேள்வியோடு 20 நிமிடம் கேளுங்கள். மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் இந்தப் பிரிவில் மூன்று ஆண்டாகப் புலனாய்வு அதிகாரி. அடுத்த போஸ்டிங்காகக் களக் குழு கேட்பதா, தலைமையகத் திட்டப் பணி கேட்பதா என்று யோசிக்கிறேன். நீங்கள் இரண்டிலும் இருந்திருக்கிறீர்கள். அடுத்த இரண்டு வாரத்தில் 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? என் பணிப் பதிவை ஒரு பக்கத்தில் கொண்டுவருகிறேன்."

உங்கள் ஓசியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தன் தலைக்கு மேல் போனார் என்ற எண்ணம் வந்துவிட்டால் கட்டியதெல்லாம் சரியும். சந்திப்பு முடிந்து மூன்று மாதத்தில், அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி போனால்தான் உறவு தொடரும். ஆணிடம் கேட்கத் தயங்க வேண்டாம். 1949-ல் பெண்களைச் சேர்த்த துறையானாலும் மேல்நிலையில் இன்னும் ஆண்கள்தான் கூடுதல். மூடிய அறையில் தனியாகச் சந்தித்தால் பேச்சு வருமே என்று தோன்றினால் அலுவலக கேண்டீனில், வேலை நேரத்தில் சந்தியுங்கள்.

பணிப் பதிவு என்றேனே, அதை மாதம் அரை மணி நேரம் ஒதுக்கி எழுதுங்கள். நான் எடுத்த முடிவு என்ன, எத்தனை பேர் என் கீழ் வேலை செய்தார்கள், அதனால் மாறியது என்ன. ஆள் பெயர், வழக்கு எண் எதுவும் கூடாது. அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும். சொந்த கைப்பேசியில் வைத்துவிட்டு அரசாங்க ரகசியச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மூனாம்_மாடி:

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு முதலில். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு 16 வாரம், தந்தையர் விடுப்பு 4 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். இந்தப் பத்தும் இயல்பாகப் பாதிப் பாதியாகப் பிரியும். கணவர் தன் பங்கை எடுப்பாரா என்பதை விடுப்பு தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். பலர் வீட்டில் அவர் பங்கு மாமியாரிடம் குழந்தையை விட்டுக் கரைந்துபோகிறது.

கருவுற்ற காலத்தில் களப்பணியில் இருந்து மேசைப் பணிக்கு மாற்றுவார்கள். சேதம் நடப்பது பெரும்பாலும் இங்கேதான், விடுப்பில் இல்லை. கிடைத்த மேசையில் எட்டு மாதம் கோப்பு அடுக்கினால் அந்த ஆண்டைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. மாற்றம் வரும் என்று தெரிந்தவுடன் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைக் கேளுங்கள்: ஒரு செயல்முறையை மாற்றி எழுதுவது, புதிய புலனாய்வு அதிகாரிகளுக்குப் பயிற்சிக் குறிப்பு தயாரிப்பது. விடுப்புக்கு நாலு வாரம் முன் சுயமதிப்பீட்டை எழுதி ஓசியிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது அவரும் மாறினால் புதியவர் கையில் அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

திரும்பி வரும்போது ஷிஃப்ட் பெரிய பிரச்சினை. 2024 டிசம்பர் 1-ல் இருந்து நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நடப்பில் உள்ளது. முறைப்படி எழுதிக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கோரிக்கையில் தேதி, என்ன ஏற்பாடு, வாரத்துக்கு எத்தனை நாள், எப்போது தொடங்கி எப்போது முடியும், காரணம் எல்லாம் இருக்கட்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லவில்லை; வேலை சார்ந்த காரணம் காட்டி மறுக்கலாம். அதனால் "நான் இல்லாத இரவுப் பணியை யார், எதற்கு ஈடாகப் பார்ப்பார்" என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். முடிவுத் தேதி போடாத கோரிக்கைதான் அதிகம் மறுக்கப்படுகிறது. ஆறு மாதம் என்று போட்டுக் கேட்டால் தலைவலி குறைவு என்று அவர்களுக்கும் படும்.

ரெண்டாவது_ஷிஃப்ட்:

மாடி சொன்னதோடு ஒன்று. குழுத் தலைவர் போஸ்டிங்கைக் குழந்தைக்குப் பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இப்போதே ஓசியிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு கேட்டால் "முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முன்பே கோப்பில் இருந்தால் அடுத்த சுற்றில் அதை நினைவூட்ட மட்டும் செய்யலாம்.

லிங்க்ட்இன் வைத்திருந்தால் பதவி, துறை, படிப்பு போதும். எந்த வழக்கு, எந்தச் சிறப்புப் பிரிவு, சீருடையில் படம், இதெல்லாம் துறையின் சமூக ஊடக விதியைப் பார்த்த பிறகுதான்.

பொங்கோல்_வாசி:

அக்கா, எழுத்தில் என்றால் மின்னஞ்சலா, மதிப்பீட்டுப் படிவத்திலேயேவா?

ரெண்டாவது_ஷிஃப்ட்:

இரண்டிலும். படிவத்தில் அடுத்த பணி விருப்பம் எழுதும் இடத்தில் "களக் குழுத் தலைமை" என்று ஒரே விருப்பத்தைப் போடுங்கள். மூன்று விருப்பம் எழுதினால் மூன்றாவதைத்தான் கொடுப்பார்கள். பிறகு ஓசியிடம் நேரில் பேசி, அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.