லோடு ஏற்றும் நேரத்தில் மட்டும் நின்றுபோகும் நெட்

இளம்பிள்ளையில் மொத்தமாகச் சேலை விற்கிற ஒரு ஆபீஸ். சில கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், எல்லாவற்றையும் கேபிளில் இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், பின்னால் குடோன், அவ்வளவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நெட் திடீரென ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும், அப்புறம் பக்கத்து மேஜையில் நிற்கும். அதுவும் பெங்களூருக்கு லோடு ஏற்றும் நேரம் பார்த்துத்தான். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. டிரைவர் வாசலில் காத்திருக்க, கணக்கு பார்க்கிற அக்கா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு பில் எடுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

"லைன்காரங்களயே மாத்திரலாம்னு இருக்கேனுங்க தம்பி" என்றார் முதலாளி. எனக்கு அது சரியாகப் படவில்லை. லைன் போனால் எல்லாவற்றிலும் போகணும், ஒன்றில் ஓடி ஒன்றில் நிற்காது.

நின்றுபோன கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1 என்ற அதன் ஐபி எண்ணுக்கு, பிங் அடித்தேன் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), ஒன்றுகூட விடாமல் பதில் வந்தது. வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு அடித்தால் ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில்தான் பலர் உள்ளே எல்லாம் சரி, வெளி லைனில்தான் கோளாறு என்று முடித்துவிடுகிறார்கள். பதில் சொல்வது எந்தப் பெட்டி என்று பிங் காட்டாது. அதனால் எந்த ஐபி எந்தப் பெட்டியுடையது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் ஏஆர்பி பட்டியலை எடுத்தேன்: 192.168.1.1-க்கு நேரே இதில் ஒரு மேக் முகவரி (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்), நெட் ஓடுகிற பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேறொன்று! பிரவுசரில் அந்த எண்ணைப் போட்டால் இதில் வேறு கம்பெனியின் லாகின் பக்கம் வருகிறது.

குடோனில் தேடினால், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் நூல் தூசி அப்பிய பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதே மேக் முகவரி. ஆபீஸிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகியிருந்தார்கள், அதற்கும் 192.168.1.1, அதுவும் டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) வழியாக ஐபி கொடுத்துக்கொண்டிருந்தது. லோடு ஏற்ற குடோனைத் திறந்து கரண்ட் மெயின் சுவிட்சைப் போட்டால் அதுவும் ஆன் ஆகும். 192.168.1.1 யார் என்று கேட்கும்போது எந்தக் கம்ப்யூட்டர் அதன் பதிலைப் பிடித்துக்கொள்கிறதோ, அதில் நெட் போய்விடும், பழைய ரவுட்டருக்குத்தான் வெளி லைன் இல்லையே.

அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்தேன். அந்த எண் வேறு எதற்கும் போய்விடக் கூடாது என்று, மெயின் ரவுட்டர் 192.168.1.100-லிருந்துதான் ஐபி கொடுக்கணும் என்று வைத்துவிட்டேன். அப்புறம் குடோன் சுவிட்ச் போட்டபடியே எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏஆர்பி பார்த்தோம், எல்லாவற்றிலும் ஒரே மேக் முகவரி. லைனை மாற்றும் பேச்சை முதலாளி அங்கேயே விட்டுவிட்டார்.